ஏணியின் கால்மாடு

பத்தொன்பது வருஷம் ஏணியின் கால்மாட்டில் நின்றவளுக்கு வீட்டில் சும்மா உட்காரத் தெரியவில்லை. தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். கொடியில் போட்ட துணி காய்ந்துவிட்டதா என்று விடிந்ததிலிருந்து நாலு தடவை போய்த் தொட்டுப் பார்த்தாயிற்று. மழை மூட்டத்தில் துணி அவ்வளவு சீக்கிரம் காயுமா என்ன? அது அவளுக்கும் தெரியும். கை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

புருஷன் ஓட்டுக் கூரை வேலை செய்கிறவர். உடைந்த ஓட்டை மாற்றுவார், ஒழுகுகிற இடத்தைக் கண்டுபிடித்து அடைப்பார், கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடுகிற தகரத்தில் சருகு அடைத்துக்கொண்டால் அள்ளிப் போடுவார். ஊருக்கு அவர் கூரைக்காரர். கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்கிறவள் இவள் என்பதால் ஏணிக்காரி. கல்யாணமான புதிதில், ஏணி பிடிக்கிற ஆள் காய்ச்சலென்று வராமல் போக, "இன்னைக்கு ஒரு நாள் வந்து பிடி" என்று கூட்டிப் போனார். மகள் வயிற்றிலும் இடுப்பிலும் இருந்த நாட்கள் போக, அந்த ஒரு நாள்தான் பத்தொன்பது வருஷம் ஓடியது.

ஏணி பிடிப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்களை ஒரு மணி நேரம் பிடிக்கச் சொல்ல வேண்டும். ஒரு கால் அடிப்படியை முட்டிக்கொண்டிருக்க வேண்டும், கை இரண்டும் இரண்டு பக்கச் சட்டத்தில். மேலே பார்த்தால் கண்ணில் தூசி விழும், பார்க்காவிட்டால் தலையில் ஓடு விழும். போகப் போக அவளுக்குப் பார்க்கவே தேவையில்லாமல் போயிற்று. சட்டத்தில் வருகிற அதிர்வை வைத்தே அவர் எத்தனையாவது படியில் நிற்கிறார், தோளில் ஓடு இருக்கிறதா வெறுந்தோளா, முட்டிவலி எடுத்துவிட்டதா, எல்லாம் சொல்லிவிடுவாள்.

ஆனால் அவள் ஏங்கியது அந்த வேலைக்காக இல்லை. அங்கே நின்றால்தான் அவர் பேசுவார்.

வீட்டில் மனுஷன் கல்லுளிமங்கன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், போதும் என்பதற்குக் கையைக் காட்டுவார். வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிற மகள் கூப்பிட்டால், "ம். சாப்ட்டியா? அம்மாட்ட குடுக்கறேன்" என்பதோடு சரி. அதே மனுஷன் கூரையில் கால் வைத்ததும் வேறு ஆளாகிவிடுவார். ஆள் தெரியாது, குரல் மட்டும் கூரை விளிம்பைத் தாண்டி இறங்கி வரும்.

"இந்தா, கேக்குறியா? இங்க ஒரு செருப்பு கெடக்கு. ஒத்தச் செருப்பு."

"ம்."

"கூரை மேல ஒத்தச் செருப்பு எப்படி வரும்? ஏறுனவன் நொண்டியடிச்சுக்கிட்டே எறங்கிப் போனானா?"

"பூனைய எறிஞ்சிருப்பாங்க."

"பூனைய எறிஞ்சா பூனையில்ல கெடக்கணும்?"

இப்படியே பொழுது போகும். சிரிப்புப் பேச்சு மட்டும் என்றில்லை. கல்யாணமான பதினோராம் நாள், "நீ வந்தது நல்லதாப் போச்சு" என்று அவர் சொன்னது ஒரு அச்சகத்தின் கூரையிலிருந்து. மகளுக்குப் பெயர் முடிவானது ஒரு தபால் நிலையத்தின் கூரையில். அவருடைய அம்மா இறந்தபோது வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், இரண்டு வாரம் கழித்து ஒரு ரொட்டிக் கடையின் மேலே உட்கார்ந்து ஒரு மணி நேரம் அம்மாவைப் பற்றியே பேசினார். அவள் கீழே நின்று ம் கொட்டிக்கொண்டிருந்தாள். ம் நின்றால் அவர் பேச்சும் நின்றுவிடும். "என்ன, நின்னுக்கிட்டே தூங்கறியா?" என்று கேட்பார்.

எல்லாம் போன மழைக்கு முன்னால் ஒரு பகலில் முடிந்துபோயிற்று.

அன்றைக்கு அவர் கூரையில் இருந்தார். பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் நடப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு பெரியவர், துணி காயப்போடற சாக்குல மேல வந்தாரு. தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒரு டப்பா ஒளிச்சு வச்சிருக்காரு. மிட்டாய். ரெண்டு கையிலயும் அள்ளிட்டாரு. ஐயோ, சம்சாரம் படியேறி வருது. எங்க வைக்கிறதுன்னு முழிக்கிறாரு. இந்தா, தொப்பிக்குள்ள போட்டு அப்படியே தலையில கவுத்துக்கிட்டாரு."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ஏணியைப் பிடித்திருந்த கைதான் வயிற்றுக்கு வந்தது. பாசி படிந்த சிமெண்டுத் தரை. ஏணியின் கால் வழுக்கியது. அவ்வளவுதான் அவளுக்கு நினைவு. கண் திறந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில், கழுத்துப்பட்டை எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தது. கால்மாட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். யாரோ ஏணியை எடுத்து நிறுத்தி அவரை இறக்கிவிட்டார்களாம், வண்டி பிடித்துக் கொடுத்தார்களாம். அதற்குமேல் யாரும் சொல்லவில்லை. அவர் சொல்லவே இல்லை.

கட்டுப் பிரித்த அன்று அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு அவள் தம்பியின் பட்டறைக்குப் போனார். தம்பி வெல்டிங் வேலைக்காரன். தொழில் தீயோடு என்றாலும் வாய் மட்டும் குளிர்ந்த வாய், யாரையும் சிரிக்கவைத்துவிடும். அவனே திணறிப்போனான்.

"அக்கா, மாமா வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. காகிதத்துல படம் போட்டு நீட்டறாரு. இது எதுக்கு மாமான்னா, ஏணியச் சாய்ச்சுக் காட்டறாரு. எங்கிட்ட வெல்டிங் குச்சி தீந்துச்சே தவிர, அவருக்கு யோசனை தீரல."

ஒன்றரை மாதத்தில் ஏணி வேறு பிறவி எடுத்து வந்தது. காலுக்கு லாரி டயரில் வெட்டிய ரப்பர். ஒரு காலில் குழாய்க்குள் குழாய், வரிசையாகத் துளை. தரை மேடு பள்ளமாக இருந்தால் வேண்டிய துளையில் போல்ட்டைச் செருகிக் காலை நீட்டிக்கொள்ளலாம். தலைப்பக்கம் குறுக்கே நீளமான ஒரு கம்பி, சாக்கு சுற்றியது. அது சுவரில் அகலமாகப் பதிவதால் ஏணி பக்கவாட்டில் சரியாது, தகரத்தையும் நசுக்காது. ஏணி இரண்டு துண்டாகக் கழன்றது. ஒரு துண்டு சுவரில் நிற்கும். இன்னொன்றின் நுனியில் இரண்டு சிறு சக்கரமும் இரண்டு கொக்கியும். சக்கரத்தில் ஓட்டின் மேலே உருட்டிக்கொண்டு போய், உச்சிக்குப் போனதும் புரட்டினால் கொக்கி முகட்டைக் கவ்விக்கொள்ளும். கூரையிலேயே படி கிடைத்தது போல. தரையில் ஒரு முளை அடித்துக் கயிறு கட்டிவிட்டால் வேலை முடிந்தது.

பிடிக்க ஆளே வேண்டாம்.

அவர் முற்றத்தில் ஏணியை நிறுத்தி, ஏறி, குலுக்கிக் காட்டினார். ஒரு ஆட்டம் இல்லை. இறங்கி வந்து, "இனிமே நீ வர வேண்டாம்" என்றார். அந்த நாலு வார்த்தைதான்.

நல்லதுதானே என்று எல்லாரும் சொன்னார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரிக்கு மட்டும் வாய் அரித்தது. "ஏத்திவிட்ட ஏணிய எட்டி உதைச்ச கதையால்ல இருக்கு?"

"உதைக்கலையே. செருப்பு மாட்டி விட்டிருக்காரு" என்றாள் ஏணிக்காரி. தையல்காரி சிரித்தாள். இவளும் சேர்ந்து சிரித்துவிட்டு உள்ளே வந்து, அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

ஏணியை விட்டவள் என்று ஒதுக்கிவிட்டார். அவளுக்கு அப்படித்தான் பட்டது. வேறென்ன காரணம் இருக்க முடியும்? பத்தொன்பது வருஷம் பிடித்தது கணக்கில் வரவில்லை, ஒரு நிமிஷம் விட்டது வந்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் காலையில் போய் மாலையில் வந்தார், சட்டையில் ஓட்டுப்பொடி உதிர உதிரச் சாப்பிட்டார், படுத்தார். இன்றைக்குக் கூரை மேல் என்ன கிடந்தது என்று ஒரு தரம் கேட்டுப் பார்த்தாள். "சருகு" என்றார்.

அவளுக்கு அந்தக் குரல் வேண்டும். ஏழு மாதமாக அவள் வேண்டியது அது ஒன்றுதான். மழை பெய்தால் தோள் எலும்பு வலித்தது. அந்த வலிகூட அவ்வளவு பெரிதாக இல்லை.

ஏழாவது மாதம் பழைய பள்ளிக்கூடத்து வேலை வந்தது. நீளமான ஓட்டுக் கூரை, முகட்டு ஓடு மொத்தமும் ஆட்டம் கண்டுவிட்டது. எடுத்துவிட்டுப் புதுக் கலவை வைத்துப் பதிக்க வேண்டும். அடுத்த மழைக்குள் முடிக்காவிட்டால் பிள்ளைகள் குடை பிடித்துத்தான் படிக்கணும் என்று தலைமை ஆசிரியை சொல்லி அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். முற்றத்தில் ஏணியைப் போட்டுக்கொண்டு இருவரும் யோசித்தார்கள். அதாவது தம்பி பேசினான், அவர் தாடையைத் தடவினார்.

"கொக்கி மாட்டறதே முகட்டுலதான். அந்த முகட்டையே பேக்கணும்னா கொக்கிய எங்க மாட்டறது? நுனிக்கொம்புல உக்காந்து அடிமரத்த வெட்டற கதையால்ல இருக்கு மாமா."

அவர் தலையாட்டினார்.

அவள் கொடியில் போர்வையை விரித்துக்கொண்டிருந்தாள். ஈரப் போர்வை, பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். இழுத்துச் சமமாக விட்டாள். அது பாட்டுக்கு நின்றது.

"ரெண்டு ஏணியா போட்டா என்ன?" என்றாள்.

இருவரும் திரும்பினார்கள்.

"இந்தப் போர்வைக்குக் கொக்கியா மாட்டியிருக்கேன்? இந்தப் பாதிய அந்தப் பாதி பிடிச்சுக்குது. முகட்டுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ரெண்டு தலையையும் சங்கிலி போட்டுக் கட்டுங்க."

தம்பி எழுந்தே நின்றுவிட்டான். "அட! ஆனா இதுல ஏறினா அது மேல இழுத்துக்கிட்டு வருமேக்கா?"

"அதோட கால கீழ தூண்ல கட்டு. அப்ப எப்படி வரும்?"

தம்பி மாமாவைப் பார்த்தான். அவர் ஒரு சுள்ளியை எடுத்து மண்ணில் கூரையை வரைந்தார். இரண்டு ஏணி, நடுவில் சங்கிலி, இரண்டு தூணுக்கும் கயிறு. சங்கிலி ஓட்டை அழுத்தாமல் இருக்க, அது படுகிற இடத்தில் ஒரு ஓடு அகலத்துக்குக் கட்டை வரைந்தார். வரைந்ததையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தில் ஏதோ ஒன்று தெளிந்தது.

"சரி, ஏணி ஆச்சு. ஆளு?" என்றான் தம்பி. "முகட்டு ஓட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல கலவை அடைக்கணும். இல்லேன்னா ஓடு ஒரு பக்கமா சாஞ்சுக்கும். அந்தப் பக்கத்துக்கு ஒருத்தர் வேணும். எங்க பட்டறையில ஒருத்தன்..."

"நான் ஏறறேன்."

கொடியைப் பிடித்துக்கொண்டேதான் சொன்னாள். அவர் சுள்ளியைப் போட்டுவிட்டு எழுந்தார். கையைக் கழுவினார். செருப்பை மாட்டினார்.

"நில்லுங்க. உங்களத்தான்" என்றாள் அவள். "கீழ நிக்கறவ தலையிலதான் ஏணி விழும், ஓடு விழும். மேல இருக்கறவ தலையில என்ன விழும்? வானமா விழும்?"

தம்பி சிரிப்பை அடக்கத் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவர் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

மூன்று நாள் அதைப் பற்றிப் பேச்சில்லை. நாலாம் நாள் காலை டீ போட எழுந்தவள், கூரையில் விழாமலிருக்க அவர் கட்டுகிற இடுப்புப் பட்டையின் ஆணியில் இரண்டு பட்டை தொங்குவதைப் பார்த்தாள். ஒன்று பழையது. இன்னொன்று புதிது, கயிறும் வளையமும் வைத்துத் தைத்தது. எடுத்து இடுப்பில் சுற்றிப் பார்த்தாள். அவளுக்கென்றே துளை போட்டிருந்தது. ஒரு விரற்கடை கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. என்றைக்கு அளவெடுத்தார்? கேட்டால் சொல்லவா போகிறார்? பால் பொங்கி வழிகிற வரைக்கும் அவள் அந்தப் பட்டையோடேயே நின்றாள்.

ஒரு வாரம் பட்டறைக் கொட்டகையின் தாழ்ந்த கூரையில் பழகினாள். ஓட்டின் நடுவில் மிதிக்கக் கூடாது, அடியில் சட்டம் ஓடுகிற வரிசையில்தான் கால் வைக்க வேண்டும் என்று அவர் தன் காலை வைத்தே காட்டினார். பட்டைக் கயிற்றைத் தானே இழுத்து இழுத்துப் பார்த்தார். எட்டாவது நாள் பள்ளிக்கூடம்.

பள்ளிக்கு விடுமுறை. வானம் மூடியிருந்தது, மழை இல்லை. ஏணிகளைப் போட்டு, சங்கிலி மாட்டி, தூண்களில் கயிறு கட்டி முடிக்கவே இரண்டு மணி நேரம் ஆயிற்று. பின்பக்க ஏணியில் அவள் ஏறப் போனபோது அவர் கூடவே வந்தார். அடிப்படியில் காலை முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடிக்கவே தேவையில்லாத ஏணி. டயர் ரப்பர் இருக்கிறது, குறுக்குக் கம்பி இருக்கிறது, முளையும் கயிறும் இருக்கிறது. ஆனாலும் பிடித்தார். ஏற ஏற அவருடைய கை அங்கே இருப்பது அவள் உள்ளங்காலுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் மேலே போன மனுஷனுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா என்று நினைத்தாள்.

அவள் கூரை ஏணியில் உட்கார்ந்து பட்டைக் கயிற்றை ஏணிச் சட்டத்தில் மாட்டிய பிறகுதான் கையை எடுத்தார். சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் முகட்டுக்கு அந்தப் பக்கம் அவர் தலை தெரிந்தது. நேருக்கு நேர் பார்த்தார்கள். பேசுவார் என்று அவள் காத்திருந்தாள். கலவைச் சட்டியை அவள் பக்கம் நகர்த்திவிட்டுக் குனிந்துகொண்டார்.

கூரையில் கால் வைத்தால் பேசுவார் என்று அல்லவா நினைத்திருந்தாள்? கூரைக்கும் வந்தாயிற்று. அவர் ஓட்டை வைத்தார், இருவரும் ஆளுக்கொரு பக்கம் கலவை அடைத்தார்கள், கரண்டியால் வழித்தார்கள், அடுத்தது. பதினாறு ஓடு. மதியம் கீழே இறங்கி வராந்தாவில் எதிரெதிரே உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். முட்டையில் பாதியை அவள் பக்கம் தள்ளினார். அதற்கும் பேச்சில்லை. இதுக்கா இந்த உயரம் ஏறினேன் என்று அவளுக்கு வெறுத்துப்போயிற்று. சோறு இறங்கவில்லை.

பிற்பகலில் ஏணிகளைத் தள்ளிப் போட்ட இடத்தில் முகடு உயரமாக இருந்தது. முகட்டு ஓடு உட்கார்ந்ததும் எதிர்ப்பக்கம் மறைந்துவிட்டது. அவருடைய கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. இவளுடையது அவருக்குக் கேட்டிருக்கும். நாலு ஓடு தாண்டியதும் அவளுக்குத் தோள் கடுத்தது. கரண்டியை மடியில் வைத்துவிட்டுத் தோளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கச் சத்தமும் நின்றது.

"இந்தா."

அவள் நிமிர்ந்தாள்.

"இந்தா, என்னாச்சு? சத்தத்தக் காணோம்?"

"இருக்கேன். தோள் கடுக்குது, அதான்."

கரண்டியைச் சட்டியில் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு முகட்டைத் தாண்டி அந்தக் குரல் வந்தது. ஏழு மாதமாகக் கேட்காத அதே குரல்.

"அன்னைக்கும் இப்படித்தான் சத்தத்தக் காணோம்."

அவள் முகட்டை ஒட்டிக் காதைச் சாய்த்தாள்.

"நான் பாட்டுக்குப் பேசிட்டே இருக்கேன். நீ ம்னு சொல்லல. வெளிம்புக்கு வந்து எட்டிப் பாத்தேன். ஏணி மேல கெடக்கு, அடியில நீ கெடக்கற. எறங்க வழி இல்ல. கத்தறேன், தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல, பக்கத்து மாடியில இருந்தவங்களும் கீழ எறங்கிட்டாங்க. குதிச்சிரலாம்னு உக்காந்து கால தொங்கப் போட்டுட்டேன். அப்புறம் நானும் ஒடஞ்சு கெடந்தா உன்னை யாரு தூக்கறதுன்னு மறுபடி ஏறிட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியல. மேல இருந்து உன்னையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

"ம்" என்றாள் அவள். குரல் எழவில்லை. மறுபடி உரக்கச் சொன்னாள். "ம்."

"நீ ஏணிய விட்டது தப்பில்ல. சிரிக்க வச்சது நான். ஏணி பிடிக்கறவள யாராவது சிரிக்க வைப்பானா? என் வாயாலதான் விழுந்த. அதான் வாயக் கட்டிட்டேன். உன்ன அங்க நிக்க வச்சா நான் பேசாம இருக்க மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும். அதான் ஆளே வேண்டாத மாதிரி ஏணியப் பண்ணேன்."

அவளுக்குக் கண் மறைத்தது. துடைக்கக் கை வரவில்லை, கையெல்லாம் கலவை. ஏழு மாதம் அடுப்படியில் அழுததெல்லாம் நினைவுக்கு வந்தது. இந்த மனுஷனுக்கு முகத்தைப் பார்த்துச் சொல்ல வராது. இத்தனை வருஷம் கூரை பேசவைக்கிறது என்று நினைத்தாளே, நடுவில் ஒரு மறைப்புதான் வேண்டியிருந்திருக்கிறது. கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"கேக்குறியா?" என்றார் அவர். குரல் பயந்து போயிருந்தது.

அவள் மூக்கை உறிஞ்சினாள். "அந்தப் பெரியவர் என்ன பண்ணாரு?"

"எந்தப் பெரியவர்?"

"தொப்பிக்குள்ள மிட்டாய் வச்சாரே. அதுக்கப்புறம் நான் கேக்கலையே."

அந்தப் பக்கம் ஒரு கனைப்புக் கேட்டது.

"அவருதான வந்தாரு. நான் கத்தினது அவருக்குத்தான் கேட்டுச்சு. அந்த வயசுல அப்படி ஒரு ஓட்டம். ஏணியத் தூக்கி நிறுத்தினாரு, என்னை எறக்கினாரு. உன்னைத் தூக்கறதுக்குக் குனிஞ்சாரு பாரு..."

"ம்."

"தொப்பி விழுந்துருச்சு. மிட்டாயெல்லாம் உன் மேல கொட்டுது. அந்தம்மா பின்னாலயே வந்துட்டாங்க. உனக்கு ஒரு கையால விசிறறாங்க, இன்னொரு கையால மிட்டாயப் பொறுக்கறாங்க. 'இந்தப் பொண்ணு பொழைக்கட்டும், வீட்டுக்கு வாங்க, உங்களப் பொழைக்க விடறேனா பாக்கறேன்'னு சொல்றாங்க. அவரு கையக் கட்டிக்கிட்டு நிக்கறாரு. வண்டியில ஏத்தறப்ப உன் முந்தானையில ஒரு மிட்டாய் மாட்டியிருந்துச்சு. அந்த நேரத்துலயும் அந்த மனுஷன் கண்ணு அதுமேலதான்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இந்தத் தடவை இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.